மனிதவளத் தரவின் தரம்: யார் பக்கம் நின்று அளப்பது?

இந்தக் குறிப்பை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளிப்போனதற்கு வேலைப்பளு ஒரு காரணம். இன்னொரு காரணம், இதில் என்னுடைய தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் எழுதினால் நேர்மையாக இருக்காது. சொல்லி எழுதவோ கூச்சம்.

விஷயம் இதுதான். ஒரு நிறுவனம் தன் ஊழியர்களைப் பற்றிக் கணினியில் நிறைய வைத்திருக்கிறது. பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, சம்பளம், விடுப்பு, வங்கிக் கணக்கு, நாமினி. இந்தப் பதிவுகள் தரமானவையா என்று எப்படிச் சொல்வது? ஐ.டி. உலகில் இதற்கு 'டேட்டா குவாலிட்டி' என்று தனித் துறையே உண்டு. அளவுகோல்கள் உண்டு, டேஷ்போர்டு உண்டு, பச்சை சிவப்பு விளக்குகள் உண்டு. என் விமர்சனம் அந்த அளவுகோல்கள் மீதுதான். தரவை யார் பயன்படுத்துகிறாரோ அவர் பக்கம் நின்று அளக்கிறோம். அது தப்பானால் யாருக்கு அடி விழுகிறதோ அவர் பக்கம் நின்று யாரும் அளப்பதில்லை.

நூறு சதவீதம் முழுமை

2008-ஆம் வருடம். நான் பி.இ. முடித்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலை. அங்கே ஊழியர் விவரங்களை எக்செல் தாள்களிலிருந்து ஒரு வெளிநாட்டு மென்பொருளுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. சில ஆயிரம் பேரின் விவரங்கள்.

எக்செலில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். 'மு. செல்வராஜ்' என்று இருக்கும். (இந்தக் கட்டுரையில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) புது மென்பொருளில் இரண்டு கட்டம்: முதல் பெயர், கடைசிப் பெயர். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் பதிவு உள்ளே போகாது.

எச்.ஆர். பிரிவில் கேட்டேன். "ஏதாவது போட்டு ஏத்துங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். நானும் ஒரு விதி எழுதினேன். இனிஷியல் இருந்தால் அதைக் கடைசிப் பெயரில் போடு. இனிஷியல் இல்லாவிட்டால் முதல் பெயரையே இரண்டாவது கட்டத்திலும் போடு. நாமினி பட்டியலுக்கும் இதே இரண்டு கட்டம். அங்கே இன்னும் ஒரு படி மேலே போனேன். உறவு 'மனைவி' என்று இருந்து கடைசிப் பெயர் காலியாக இருந்தால், கணவர் பெயரை அதில் போடு. செல்வராஜ் காகிதப் படிவத்தில் எழுதிக்கொடுத்தது 'லட்சுமி' என்று மட்டும். என் ஸ்கிரிப்ட் அவரை 'லட்சுமி செல்வராஜ்' ஆக்கியது. எல்லோரும் இப்படித்தானே வைத்துக்கொள்கிறார்கள் என்ற நினைப்பு. கல்யாணமான என் அக்கா அப்பாவின் இனிஷியலோடுதான் இன்றுவரை கையெழுத்துப் போடுகிறார் என்பது அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

திங்கள்கிழமை காலை அறிக்கை ஓட்டினோம். கட்டாயக் கட்டங்கள் நூறு சதவீதம் முழுமை. பாராட்டி ஒரு மின்னஞ்சல் வந்தது. மேலாளர் எங்கள் குழுவுக்கு பிரியாணி வாங்கிக்கொடுத்தார்.

பதினோரு வருடம் கழித்து

2019-இல் ஒரு போன். அந்தத் தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். பழைய ஆவணம் ஒன்றில் என் பெயரைப் பார்த்து, எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நாமினி டேபிள்ல லாஸ்ட் நேம் எங்கிருந்து எடுத்தீங்க? பழைய ஃபார்ம்ல அப்படி இல்லையே."

விசாரித்தால், பராமரிப்புப் பிரிவில் இருந்த செல்வராஜ் மாரடைப்பில் இறந்துவிட்டார். நிறுவனம் எடுத்திருந்த குழுக் காப்பீட்டுப் பணம் மனைவிக்கு வர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்திடம் நாமினியின் பெயர் 'லட்சுமி செல்வராஜ்'. எங்கள் தரவுத்தளத்திலிருந்து வருடா வருடம் போன பட்டியல் அது. அந்த அம்மாவின் ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் 'சு. லட்சுமி'. அவருடைய அப்பா சுப்பையா. "இருவரும் ஒருவரே" என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தாயிற்று. தாசில்தார் அலுவலகத்துக்கும் அலைந்தாயிற்று. ஏழு மாதமாகப் பணம் வரவில்லை.

மனசு கேட்காமல் அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கையில் ஒரு மஞ்சள் பை. அதில் எல்லாக் காகிதமும் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிவிட்டுக் கேட்டார்:

"எங்க வீட்டுக்காரரு லட்சுமின்னுதான் எழுதிக் குடுத்திருக்காரு. எம் பேர யாரு தம்பி மாத்துனது?"

இந்தக் கேள்விக்கு எந்த டேஷ்போர்டிலும் பதில் கிடையாது. பதில் தெரிந்த ஆள் நான் மட்டும்தான். "நான்தாங்க்கா" என்றேன். என்ன நடந்தது என்று முடிந்தவரை எளிமையாக விளக்கினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"அப்ப அதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க."

இதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்தத் தப்பு என் ஒருவனின் அவசரம் மட்டும்தானா, இல்லை நாங்கள் படித்த பாடத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கலாம்.

வாங், ஸ்ட்ராங் சொன்னதும் சொல்லாததும்

தரவின் தரம் பற்றி யார் எழுதினாலும் முதலில் வந்து நிற்கும் ஆய்வுக்கட்டுரை ஒன்று உண்டு. ரிச்சர்ட் வாங், டயான் ஸ்ட்ராங் இருவரும் 1996-இல் 'ஜர்னல் ஆஃப் மேனேஜ்மெண்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்' இதழில் எழுதியது. துல்லியம் மட்டும் தரம் ஆகாது, அதற்கு அப்பாலும் இருக்கிறது என்பது தலைப்பிலேயே தெரியும். தரவைப் பயன்படுத்துபவர்களிடம் கேட்டு, நான்கு வகையில் 15 பண்புகளைத் தொகுத்தார்கள். துல்லியம், நம்பகம் மாதிரியானவை ஒரு வகை. முழுமை, காலத்தே கிடைப்பது, வேலைக்குப் பொருந்துவது இன்னொரு வகை. புரியும்படி இருப்பது மூன்றாவது. எடுக்க முடிவதும் பாதுகாப்பாக இருப்பதும் நான்காவது.

இந்தக் கட்டுரையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அதுவரை தரம் என்றால் கணினிக்காரன் சொல்வதுதான் தரம். அவர்கள்தான் 'பயன்படுத்துகிறவரைக் கேள்' என்றார்கள். அது பெரிய முன்னேற்றம். தரவை ஒரு தொழிற்சாலைப் பொருளாகவும் பயன்படுத்துகிறவரை நுகர்வோராகவும் பார்த்தார்கள். நுகர்வோரின் பயனுக்குத் தகுந்ததா என்பதே அவர்களுடைய கேள்வி.

சிக்கலும் அங்கேதான். சரக்கு இருப்புக் கணக்கில் இந்த உவமை பொருந்தும். ஒரு போல்ட்டைப் பற்றித் தப்பாக எழுதினால் போல்ட்டுக்கு வலிக்காது. கிடங்கு மேலாளருக்குத்தான் நஷ்டம், அவரே நுகர்வோர், அவரே கத்துவார். மனிதவளத் தரவில் நுகர்வோர் யார்? எச்.ஆர்., சம்பளப் பிரிவு, நிதிப் பிரிவு, மேலாளர், காப்பீட்டு நிறுவனம். லட்சுமி யார்? அந்தப் 15 பண்புகளில் அவருக்கு இடமே இல்லை. இந்தத் தொழிற்சாலையில் அவர் வாங்குபவரும் இல்லை, செய்பவரும் இல்லை. மூலப்பொருள்.

என் ஸ்கிரிப்டை நுகர்வோர் கண்ணால் பாருங்கள். முழுமையா? நூறு சதவீதம். வடிவம் சீராக இருக்கிறதா? எல்லாப் பதிவிலும் இரண்டு கட்டம், சீராக இருக்கிறது. காலத்தே வந்ததா? திங்கள்கிழமை காலையிலேயே. துல்லியமா? இதை யாரும் சோதிக்கவில்லை. ஏனென்றால் துல்லியத்தைச் சோதிக்க வேண்டுமானால் சம்பந்தப்பட்ட ஆளிடம் போய்க் கேட்க வேண்டும். முழுமையைச் சோதிக்க ஒரு எஸ்.கியூ.எல். வரி போதும். எது சுலபமாக அளக்க முடிகிறதோ அதுவே தரம் ஆகிவிடுகிறது. பதினோரு வருடம் அந்தப் பட்டியல் பச்சை விளக்கோடுதான் இருந்தது.

காலிக் கட்டம் எல்லாம் குறை இல்லை

கடைசிப் பெயர் என்ற கட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஏன் பலருக்கு அது காலி? மறதியா, சோம்பலா? 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மேடையிலேயே பட்டத்தைத் துறந்தவர்கள் உண்டு. அடுத்த இரண்டு மூன்று தலைமுறைகளில் அது ஊர்ப்பழக்கம் ஆயிற்று. ஆக அந்தக் காலியிடம் விடுபட்டுப்போன தகவல் இல்லை. தெரிந்தே எடுத்துப்போட்டது. நம் மென்பொருள் அதைப் பார்த்து 'முழுமையற்ற பதிவு' என்று சிவப்பு காட்டுகிறது.

கடல் தாண்டினால் கூத்து இன்னும் அதிகம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயரோடு அமெரிக்கா போகிறவர்களின் விசாவில், அந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சாகும். 'ஃபர்ஸ்ட் நேம் அன்நோன்', அதாவது முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். அது அப்படியே சம்பளச் சீட்டுக்கும் அலுவலக அடையாள அட்டைக்கும் வரும். காபி கடையில் "ஃப்னூ" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

பேட்ரிக் மெக்கென்சி என்ற நிரலாளர் 2010-இல் ஒரு பட்டியல் போட்டார். பெயர்களைப் பற்றி நிரலாளர்கள் நம்பும் 40 தவறான நம்பிக்கைகள். எங்கள் தொழிலில் அதைப் படிக்காதவர்கள் குறைவு. படித்துவிட்டுச் சிரிப்போம். மறுநாள் போய் நட்சத்திரம் போட்ட இரண்டு கட்டம் வைப்போம். நமக்கு அறிவு இல்லாமல் இல்லை. நாம் வாங்கும் மென்பொருள், அதோடு பேசும் இன்னொரு மென்பொருள், அதற்குப் பின்னால் இருக்கும் வங்கி எல்லாம் இரண்டு கட்டம் கேட்கின்றன. யாரோ ஒருவர் முடிவில் இல்லாததை இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

பிறந்த தேதியும் இதே கதைதான். ஒரு பெரிய நிறுவனத்தின் தரவுத்தளத்தில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பிறந்த தேதியை மாதவாரியாக எண்ணிப் பாருங்கள். மே, ஜூன் மாதங்களில் கூட்டம் அலைமோதும். காரணம் ஜாதகம் இல்லை, பள்ளிக்கூடம். வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. பிறந்த தேதி கேட்டு வீட்டில் தெரியவில்லை என்றால், ஜூன் மாதச் சேர்க்கைக்கு வயது சரியாக வருகிற மாதிரி வாத்தியாரே ஒரு தேதி போட்டுக்கொள்வார். ஆதார் வந்தபோது, வருடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஜனவரி 1 விழுந்தது. ஒரே ஆளுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, அம்மா ஞாபகத்தில் 'பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை'. மூன்றில் எது துல்லியம்?

இது வேடிக்கை விஷயம் இல்லை. ஓய்வு பெறும் நாள், கிராஜுவிட்டி, ஓய்வூதியம் எல்லாம் அந்தத் தேதியில் தொங்குகின்றன. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2023 ஆகஸ்டில் ஒரு விரிவான நடைமுறையை வெளியிட்டது. உறுப்பினர் விவரங்களில் எவற்றை, எந்த ஆவணத்தை வைத்து, யார் ஒப்புதலோடு திருத்தலாம் என்பதற்கு. அதில் 11 விவரங்கள்: பெயர், பாலினம், பிறந்த தேதி, அப்பா பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று போகும் பட்டியல். ஊழியரும் முதலாளியும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2025 ஜனவரியில், ஆதாரோடு சரிபார்க்கப்பட்ட புதிய கணக்குகளுக்கு இதை எளிதாக்கி, பல திருத்தங்களை உறுப்பினரே செய்துகொள்ளலாம் என்றார்கள். நல்ல மாற்றம். தேசிய அளவில் இப்படி ஒரு நடைமுறை தேவைப்படுகிறது என்றால், இது ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஒரு ஸ்கிரிப்டால் வந்த கோளாறு இல்லை என்று புரியும்.

கனடாவில் என்ன நடந்தது

இது பெயரும் இனிஷியலும் குழம்பும் நம் ஊர்ச் சமாச்சாரம்தானே என்று கேட்கலாம். இல்லை. பணக்கார நாடு ஒன்றில், இரண்டு கட்டப் பெயர் வைத்திருப்பவர்களுக்கும் இதைவிடப் பெரிய அடி விழுந்திருக்கிறது.

கனடா மத்திய அரசு தன் ஊழியர்களின் சம்பளத்துக்காக 'பீனிக்ஸ்' என்ற அமைப்பை 2016-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. பீப்பிள்சாஃப்ட் மென்பொருளை ஐ.பி.எம். நிறுவனம் மாற்றியமைத்துக் கொடுத்தது. வருடத்துக்கு 7 கோடி டாலர் மிச்சம் பிடிப்பது திட்டம். எப்படி மிச்சம்? வெவ்வேறு துறைகளில் இருந்த சுமார் 1,200 சம்பள ஆலோசகர் பணியிடங்களை எடுத்துவிட்டு, மிராமிச்சி என்ற சிறு நகரத்தில் 550 பேர் கொண்ட ஒரே மையம். விளைவு, சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்குக் குறைந்து வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்து பிறகு திருப்பிக் கேட்டார்கள். 2017 நடுவில் 1,50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் சம்பளத்தில் திருத்த வேண்டிய கோளாறு இருந்தது என்று அந்நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் கணக்குக் காட்டினார். அடுத்த ஆண்டு அறிக்கையில், இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்றார்.

பீனிக்ஸ் பற்றி எழுதுகிறவர்கள் மென்பொருளையும் மேலாண்மையையும்தான் திட்டுவார்கள். நியாயம்தான். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்த 1,200 பேர். ஒருவர் தற்காலிகமாக மேல் பதவி பார்க்கிறார், இன்னொருவர் மகப்பேறு விடுப்பிலிருந்து வருகிறார், அதற்கான காகிதம் தாமதமாக வருகிறது. சம்பள ஆலோசகர் கையால் சரிசெய்துவிடுவார். அவருக்கு ஊழியரைத் தெரியும். ஊழியருக்கும் எந்த மேசைக்குப் போய்க் கேட்க வேண்டும் என்று தெரியும். புதிய அமைப்போ விவரங்கள் எல்லாம் குறித்த நேரத்துக்கு முன்பே உள்ளே வந்துவிடும் என்று எதிர்பார்த்தது. பழைய அமைப்பின் தரவுத்தரம் தரவுத்தளத்தில் இல்லை, அந்த மனிதர்களிடம் இருந்தது. அவர்களைச் செலவுக் கணக்கில் எழுதியதால் யாருக்கும் அது தெரியாமல் போயிற்று.

பணிப்பதிவேடு என்ற பழைய தொழில்நுட்பம்

என் அப்பா அரசு ஊழியர். வருடத்தில் ஒருநாள் வீட்டுக்கு வந்து, "எஸ்.ஆர். பாத்துக் கையெழுத்து போட்டுட்டு வந்தேன்" என்பார். எஸ்.ஆர். என்றால் பணிப்பதிவேடு. அப்போது அது எனக்கு ஒரு சடங்கு மாதிரி தெரிந்தது. இன்றைக்கு யோசித்தால் அதில் இருந்த தரவுத்தர ஏற்பாடு, நான் பார்த்த பல நவீன மென்பொருள்களில் இல்லை.

எளிமையானது. மத்திய அரசின் விதிகளில், ஒவ்வொரு வருடமும் பணிப்பதிவேட்டை ஊழியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது அலுவலகத் தலைவரின் கடமை. ஊழியரின் கடமை இல்லை, கவனியுங்கள். பதிவில் அழித்து எழுதக் கூடாது. அடித்துவிட்டு மேலே எழுதி அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். பழையதும் தெரியும், புதியதும் தெரியும், யார் மாற்றியது என்றும் தெரியும். எந்த ஆணையின்படி என்ற எண்ணும் இருக்கும்.

பல அலுவலகங்களில் இது ஏட்டோடு நின்றது, ஓய்வு பெறும் சமயத்தில்தான் பதிவேட்டைத் தேடினார்கள் என்பதும் உண்மை. பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால் பணியில் சேர்ந்து 5 வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்ற கண்டிப்பும் உண்டு. அதற்கும் காரணம் இருக்கிறது, ஓய்வுக்கு முந்தின வருடம் வயதைக் குறைத்துக்கொள்ளக் கிளம்புகிறவர்கள் உண்டு. பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரவு யாரைப் பற்றியதோ அவருடைய கண்ணும் கையெழுத்தும் தரச் சோதனையின் ஒரு பகுதி என்ற எண்ணம் அந்தத் தடித்த நோட்டில் இருந்தது.

"இப்போது எம்ப்ளாயீ செல்ஃப் சர்வீஸ் இருக்கிறதே, ஊழியரே பார்த்துக்கொள்ளலாமே" என்பார்கள். பார்த்திருக்கிறேன். செல்பேசி எண்ணையும் தற்போதைய முகவரியையும் மாற்ற முடியும். பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி ஆகியவை பூட்டியிருக்கும். எது தப்பானால் அதிக இழப்போ அதுதான் பூட்டில். தட்டச்சு வேலை ஊழியர் தலையில் வந்தது, அதிகாரம் வரவில்லை. அப்புறம் தப்பு வந்தால் "நீங்கதானே சார் என்டர் பண்ணீங்க" என்று பதில்.

சட்டம் உதவுமா? 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தேன். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்கோ, வேறு அமைப்புக்கு அனுப்பவோ தரவு பயன்படுமானால், அது முழுமையாகவும் துல்லியமாகவும் முரணில்லாமலும் இருப்பதை உறுதிசெய்வது தரவை வைத்திருப்பவரின் கடமை என்கிறது 8-ஆம் பிரிவு. அருமை. லட்சுமியின் கேஸ் அப்படியே பொருந்தும். ஆனால் திருத்தக் கேட்கும் உரிமையைக் கொடுக்கும் 12-ஆம் பிரிவு, எந்தத் தரவுக்கு நாம் சம்மதம் கொடுத்தோமோ அந்தத் தரவைப் பற்றித்தான் பேசுகிறது. 7-ஆம் பிரிவின் கடைசி உட்பிரிவோ, வேலைவாய்ப்பு நோக்கத்துக்குச் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்தலாம் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், சம்மதம் கேட்காமல் முதலாளி வைத்திருக்கும் பதிவைத் திருத்தச் சொல்லும் உரிமை மெலிந்துபோகிறது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையில் 16-ஆவது பிரிவு தரும் திருத்தும் உரிமைக்கு இப்படிச் சம்மத நிபந்தனை கிடையாது.

எங்கிருந்து வந்தது என்ற கட்டம்

லட்சுமி அம்மா கேட்ட காகிதத்துக்கு வருகிறேன்.

தொழிற்சாலையின் எச்.ஆர். தலைவரிடம் பேசினோம். முதலில் தயங்கினார். நிறுவனம் தன் தப்பை எழுத்தில் ஒப்புக்கொள்வதா என்ற யோசனை. கடைசியில் நிறுவனத்தின் கடிதத் தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள். ஊழியர் கைப்பட எழுதிய படிவத்தில் நாமினியின் பெயர் 'லட்சுமி' மட்டுமே. 'செல்வராஜ்' என்ற கடைசிப் பெயர் 2008-இல் தரவு மாற்றத்தின்போது கணினி தானாகச் சேர்த்தது. ஊழியரோ நாமினியோ கொடுத்தது இல்லை. கூடவே பழைய படிவத்தின் நகலும் என் பழைய ஆவணத்தின் நகலும். மூன்று வாரத்தில் பணம் வந்தது.

ஏழு மாதத்தில் எத்தனையோ சான்றுகள் கொடுத்தார்கள். எல்லாம் அந்த அம்மா யார் என்று நிரூபிக்கும் சான்றுகள். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. தேவைப்பட்ட சான்று, எங்கள் தரவு எங்கிருந்து வந்தது என்பதற்கு. நிரூபிக்க வேண்டியவர்கள் நாங்கள். அலைந்தது அவர்.

அதற்குப் பிறகு நான் எழுதும் எந்த அமைப்பிலும் நாலு விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கிறேன்.

ஒன்று, பெயருக்கு ஒரே கட்டம், அவர் எழுதுகிறபடி. வெளி அமைப்புக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் அது வேறு பட்டியலில் இருக்கட்டும்.

இரண்டு, 'இல்லை', 'தெரியாது', 'கேட்கவில்லை' மூன்றும் வேறு வேறு பதில்கள். மூன்றையும் காலிக் கட்டம் என்ற ஒரே குழியில் போடக் கூடாது.

மூன்று, முக்கியமான ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் 'எங்கிருந்து வந்தது' என்று ஒரு கட்டம். அவரே சொன்னாரா, ஆவணம் பார்த்ததா, கணினி இட்டு நிரப்பியதா? ஆதார் பதிவுப் படிவத்தில் பிறந்த தேதிக்கு அருகில் 'அறிவிக்கப்பட்டது', 'சரிபார்க்கப்பட்டது' என்று குறிக்க இடம் இருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் அட்டையில் அச்சாகும்போது அந்தக் குறிப்பு வருவதில்லை. அடுத்து வருகிறவர் எல்லாவற்றையும் உறுதியான உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்.

நான்கு, வருடத்துக்கு ஒருமுறை ஊழியரிடம் அவருடைய பதிவை, நாமினி விவரத்தோடு, அவருக்குப் புரியும் மொழியில் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். டேஷ்போர்டில் முழுமைச் சதவீதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண் வேண்டும்: ஒருவர் தப்பு என்று சொன்ன நாளிலிருந்து திருத்த எத்தனை நாள் ஆயிற்று.

"ஊழியர்களும் பொய் சொல்வார்களே" என்ற எதிர்வாதம் எப்போதும் வரும். வரட்டும், சொல்வார்கள்தான். போலி அனுபவச் சான்றிதழ்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்குத்தான் மூன்றாவது கட்டம். 'அவரே சொன்னது, ஆவணம் இல்லை' என்று எழுதிவைத்தால் போதும். பொய் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஒரு பக்கத்துப் பொய்க்கு மட்டும் பெயர் 'மோசடி'. மறு பக்கத்துப் பொய்க்குப் பெயர் 'டீஃபால்ட் வேல்யூ'.

நாலாவது விஷயத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். செலவு ஆகும், ஆயிரம் பேர் ஆயிரம் திருத்தம் கேட்பார்கள் என்கிறார்கள். கேட்டால், அந்த ஆயிரமும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் தப்புகள்தானே. இன்றைக்குத் தெரிந்தால் ஒரு மனு. ஆள் போன பிறகு தெரிந்தால் இன்னொரு மஞ்சள் பை.

இதைப் படிப்பவர்களில் எச்.ஆர். மென்பொருள் எழுதுகிறவர்கள் இருந்தால், உங்கள் பழைய மைக்ரேஷன் ஸ்கிரிப்டுகளை ஒருமுறை திறந்து பாருங்கள். ஊழியராக இருந்தால், இந்த வாரம் உங்கள் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: என் நாமினியின் பெயரை உங்கள் கணினியில் எப்படி எழுதியிருக்கிறீர்கள்? நான் என்னுடையதைக் கேட்டேன். என் மனைவியின் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருந்தது. அவர் அப்படி எழுதுவதில்லை.